சோறு போட்டவள் பிறகு என்ன ஆனாள்

1

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. நாலில் ஒன்றைக் கடல் எடுத்தது. ஒன்று பிரான்சில் இருக்கிறது. ஒன்று ஜசிந்தா, அவளுடைய வீட்டில்தான் கனடாவில் இருக்கிறேன். மற்றது அன்ரன். ஐந்தாவது அன்ரனின் மகள் ஜெனி. தாயும் தகப்பனும் இல்லாமல் என் மடியில் வளர்ந்தவள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நாயாற்றுக் கோயில் திருநாள் மலருக்கு வெளிநாட்டுச் சீவியத்தைப் பற்றி எழுதித் தரச் சொல்லி ஊரிலிருந்து கேட்டார்கள். "நீங்கள் சொல்லுங்கோ அம்மா, நான் ரைப் பண்ணுறன்" என்றாள் ஜசிந்தா. நான் விடவில்லை. என் வாயிலிருந்து வருவதை இன்னொருவர் கையால் எழுதினால் அது அவருடைய கதையாகிவிடும். எழுத்து எழுத்தாக நானே எழுதுகிறேன். எழுதி முடித்தால் ஜெனி வாசித்துப் பார்ப்பாள். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த பிள்ளை.

பனியைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். பனி வெள்ளையாக இருக்கும், வழுக்கும். பஸ்சில் கிழவிகளுக்கு எழும்பி இடம் விடுவார்கள். கடையில் வாங்குகிற மீனுக்குத் தலை இருக்காது. போதும். நான் எழுத வந்தது வேறு விசயம்.

ஜெனி வருகிற மாதம் ஊருக்குப் போகிறாள். விமான நிலையத்தில் ஒருவர் அவளைக் கூட்டிப்போக வந்து நிற்பார். அவள் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிக்கப் போகிறாள். அவர் யார் என்று அவளுக்குச் சொல்வதா, விடுவதா? எனக்குத் தெரியவில்லை. அப்படி இருந்தபோதுதான் ஒரு படம் பார்த்தேன்.

2

ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட்டபின், ஜசிந்தாவின் மகன் கெவின் பழைய கவ்போய் படமொன்றைப் போட்டான். ஜெனி என் பக்கத்தில் இருந்து, விளங்காத இடங்களைச் சொல்லித் தந்தாள்.

வெறும் புழுதி நிலம். நாலைந்து பலகை வீடுகள். அங்கே சட்டமும் இல்லை, அரசாங்கமும் இல்லை, துவக்கு வைத்திருக்கிறவன் சொல்வதுதான் நீதி. அந்த ஊருக்கு ஒரு ஆள் குதிரையில் வருகிறான். வேலை தேடி வந்ததாகச் சொல்லி, கொள்ளைக்காரர்களோடு சேர்ந்து மாடு மேய்க்கிறான், அவர்களின் நெருப்பில் குளிர் காய்கிறான். தலைவனுக்கு ஒரு தமக்கை, புருசன் இல்லாதவள். அவள் இவனுக்குச் சூப்பு ஊற்றிக் கொடுக்கிறாள், சட்டை தோய்த்துக் காயப்போடுகிறாள். சப்பாத்துக்குள் நட்சத்திரத் தகடு ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"ஆர் இவன்?" என்று கேட்டேன்.

"அரசாங்கத்தின்ர ஆள், அப்பம்மா. வேற ஆள் மாதிரி நடிச்சு உள்ளுக்கு வந்திருக்கிறார்," என்றாள் ஜெனி.

"அப்ப அந்தப் பொம்பிளைக்கு ஆர் சொல்லுறது?"

"சொன்னாப் படம் முடிஞ்சிடும் அம்மம்மா," என்றான் கெவின்.

கடைசியில் எல்லாரையும் சுட்டான். தலைவனையும் சுட்டான். தகட்டை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்து ஏதோ சொன்னான். "என்னை அனுப்பின வேலையைத்தான் செய்தனான் எண்டுறார்," என்றாள் ஜெனி. பிறகு குதிரையில் ஏறிப் போனான். அவன் முகத்தைக் கிட்டக் காட்டி நீளமாக வாத்தியம் வாசித்தார்கள். அவனும் கவலைப்படுகிறானாம். அவளுடைய கவலைக்கு ஒரு குழல்கூட ஊதவில்லை. கதவடியில் நின்றாள். படம் முடிந்துவிட்டது.

"அவள் பிறகு என்ன ஆனாள்?"

"அதைக் காட்டேல்லை."

என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததைக் கெவின் பார்த்துவிட்டான். "கவ்போய் படம் பாத்து அழுத முதல் ஆள் உலகத்திலேயே நீங்கள்தான் அம்மம்மா. அவர் நல்லவர். கள்ளரைப் பிடிச்சவர்."

"ஓம் ராசா. நல்லவர்தான்," என்றேன்.

3

அன்றைக்குப் பின்னேரம் ஜசிந்தாவோடு குசினிக்குள் கதைத்தேன். அவளுக்குக் கொஞ்சம் தெரியும். முழுக்கத் தெரியாது, அவள் அந்தக் காலத்தில் இங்கே இருந்தவள்.

"இப்ப அதைச் சொல்லி என்ன வரப்போகுது?" என்றாள். "உங்களுக்கே நிச்சயமாத் தெரியாது. பிள்ளை எவ்வளவு சந்தோசமா இருக்கு. தனக்கெண்டு ஊரில ஒரு ஆள் இருக்கிறார் எண்டு வாய் ஓயாமச் சொல்லுது."

"அவளுக்குத் தகப்பன் இருந்தவன்."

"அம்மா, மெதுவாக் கதையுங்கோ."

"நான் மெதுவாத்தான் கதைச்சுக் கொண்டிருக்கிறன். இவ்வளவு வருசமும்."

ஜசிந்தா திரும்பி நின்று கோப்பை கழுவினாள். அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். ஊரில் எல்லாருக்கும் இருந்த பயத்தை இங்கே கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறாள்.

4

உங்களில் கன பேருக்கு சேவியரைத் தெரியும். நீங்களும் சோறு போட்டிருக்கிறீர்கள்.

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த காலம். எங்கள் கரையில் ஒரு முறை உண்டு. கரைவலை இழுக்கும்போது வழியால் போனவன் வந்து கயிற்றில் கை வைத்தாலும் அவனுக்குக் கறிமீன் கொடுத்தாக வேண்டும். நீ யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்பதில்லை. இழுக்கிற நேரத்தில் கேட்க மூச்சு இல்லை. மீனைக் கையில் கொடுத்தபிறகு கேட்டால், கொடுத்ததற்கு விலை கேட்கிற மாதிரி. இந்தியாவிலிருந்து வந்தவனாக இருக்கட்டும், சிலாபத்திலிருந்து மீன்வாடி போட வந்தவனாக இருக்கட்டும், கயிறு பிடித்தவன் எங்கள் ஆள்.

ஒரு விடியற்காலம் வலையின் மடி கரைக்குக் கிட்ட வந்து கனத்துப்போய் நின்றது. இழுக்க ஆட்கள் காணாது. அப்போது மணலால் நடந்து வந்த ஒருவர் பையைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றின் வாலில் கை வைத்தார். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "தம்பி, கயிறு கையைத் தின்னப்போகுது. உப்புத் தண்ணியில நனைச்சுப்போட்டுப் பிடியும்," என்றார். அன்றைக்குச் சூடை மீன் கொட்டுண்டது. இவருடைய உள்ளங்கை இரண்டும் உரிந்துபோய் இருந்தது.

கறிமீன் கொடுக்கும்போது நான்தான் சொன்னேன், "இது கடல்காரன்ர கை இல்லை. பாதர்மாரின்ர கை."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "எஞ்சின் வேலை, அக்கா. எண்ணெயில ஊறின கை, அதுதான் மெத்தெண்டு இருக்கு."

மன்னார்ப் பக்கம் என்றார், பெயர் சேவியர் என்றார். மீனைக் கையில் வைத்துக்கொண்டு சமைக்க இடமில்லாமல் நின்றார். கூட்டிக்கொண்டு போய்ச் சமைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவருக்கு என் வீட்டில்தான் சாப்பாடு. உண்மையாகவே எஞ்சின் திருத்தத் தெரியும். நாயாற்றில் ஓடாமல் கிடந்த போட்டெல்லாம் ஓடிற்று. காசு என்றால், "சோறு போடுறியள்தானே" என்பார். அன்ரன் அவருக்குக் கைக்கு உதவியாக நின்று தொழில் பழகினான். இரண்டு பேரும் எண்ணெய் பூசின முகத்தோடு வந்து ஒரே சட்டியில் கை வைப்பார்கள்.

அன்ரனை முன்னொரு காலம் இயக்கம் கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனதும், அவன் காடு வழியாக ஓடிவந்ததும் எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த கதை. அந்தச் சட்டிக்கு முன்னால் இருந்துதான் அன்ரன் அதை அவருக்குச் சொன்னான். நான் அகப்பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சேவியர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்," என்றார். எவ்வளவு நல்ல மனுசன் என்று நினைத்தேன்.

5

அன்ரனுக்கும் றீற்றாவுக்கும் ஜெனி பிறந்தாள். பிறந்த கையோடு காய்ச்சல். ஞானஸ்நானம் கொடுக்காமல் ஒரு காய்ச்சல்காரப் பிள்ளையை எங்கள் ஆட்கள் வைத்திருக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய றீற்றாவின் தமையன் வவுனியாவிலிருந்து வந்து சேரவில்லை. பாதர் கோயிலில் உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"சேவியர், நீர் வாரும்," என்றேன்.

"நான் வேண்டாம் அம்மா. வேற ஆரையும் பாருங்கோ."

"ஏன், எங்கட பிள்ளை உமக்குக் குறைவோ?"

"அப்பிடியில்லை அம்மா. நான் நிரந்தரமா இருக்கிற ஆள் இல்லை."

"கடல்காரர் ஆர்தான் நிரந்தரம்? வாரும்."

நான் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். அவரை இழுத்துக்கொண்டு வந்து விட்டேன். பாதர் பிள்ளைக்காகக் கேட்டார், பசாசை விட்டுவிடுகிறீர்களா என்று. "விட்டுவிடுகிறேன்" என்றார் சேவியர். பிடித்த மெழுகுதிரி சரிந்து, மெழுகு பிள்ளையின் வெள்ளைத் துணியில் விழுந்தது. அந்த நேரம் எடுத்த படத்தை ஜசிந்தாவுக்கு அனுப்பினோம். அதனால்தான் அந்தப் படம் தப்பியது. எங்களிடம் இருந்ததெல்லாம் போய்விட்டது.

அதற்குப் பிறகு திரும்பவும் சண்டை தொடங்கிப் பாதை மூடப்பட்டது. மூடப்பட முன்னமே சேவியரைக் காணவில்லை. தேடினோம். அவருக்காக மெழுகுதிரி கொளுத்தினேன்.

6

கடைசி நாட்களைப் பற்றி நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை. நீங்களும் அதே மணலில் இருந்தவர்கள். என் வீட்டுக்காரரையும் றீற்றாவையும் பதுங்குகுழி வாசலில் விட்டுவிட்டுத்தான் நாங்கள் தண்ணீருக்குள் இறங்கினோம். அன்ரனின் தோளில் ஜெனி.

கரை ஏறின இடத்தில் ஆமிக்காரர் சனத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் தனியாக வரட்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. பிள்ளையைத் தோளில் வைத்திருந்த மெலிந்த மனுசனை ஒருவரும் கவனிக்கவுமில்லை. கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. இன்னும் கொஞ்சத் தூரம் போயிருந்தால் சனத்தோடு சனமாக மற்றப் பக்கம் போயிருப்போம்.

"அம்மா, அங்க பாருங்கோ," என்றான் அன்ரன். "எங்கட சேவியர்."

"எங்கை?"

"அந்த மேசையடியில. வெள்ளைச் சேட்டு."

பார்த்தேன். அவரேதான். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார், கையில் வோக்கிடோக்கி. "அவர் ஏன்ரா அந்தப் பக்கத்தில நிக்கிறார்?" என்று கேட்டேன்.

அன்ரன் சிரித்தான். அத்தனை நாளுக்குப் பிறகு சிரித்தான். "நாங்கள் மட்டும் இப்ப எந்தப் பக்கத்தில நிக்கிறம்? பிள்ளையின்ர ஞானத்தகப்பன், அம்மா. இனிப் பயமில்லை."

என் கையை விட்டுவிட்டு, கூட்டத்துக்குக் குறுக்கே, அவரிடம் தானாகவே நடந்து போனான். அதைத்தான் நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு ஊர் ஆள் என்றால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பான். எங்கள் ஆட்கள் கயிறு பிடித்தவனையும் மெழுகுதிரி பிடித்தவனையும் கண்டால் நேரே போவார்கள். அப்படித்தான் வளர்த்தோம்.

சேவியர் ஜெனியைத் தூக்கினார். நெற்றியில் கொஞ்சினார். அந்தக் கொஞ்சல் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பிஸ்கற் பக்கற் ஒன்றை உடைத்துக் கையில் கொடுத்தார். "சேவியரண்ணை, நீங்கள் இருக்கிறியள் எண்டு தெரிஞ்சா முந்தியே வந்திருப்பன்," என்றான் அன்ரன். அவர் அன்ரனின் முகத்தைப் பார்க்கவில்லை. "சாப்பிட்டனியளோ?" என்று என்னிடம் கேட்டார். பிறகு திரும்பி, பக்கத்தில் நின்ற சீருடைக்காரருக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஒரு தட்டுத்தடங்கல் இல்லாமல், தாய் வயிற்றிலிருந்து பேசின மாதிரி. என் வீட்டில் அவர் ஒரு சிங்களச் சொல்லும் பேசியதில்லை.

"அன்ரன், நீர் இந்த பஸ்சில ஏறும். ஒரு சின்ன விசாரணை. அம்மா, நான் பாத்துக்கொள்ளுறன்."

அன்ரன் ஏறினான். யன்னலால் கையைக் காட்டினான். ஜெனி பிஸ்கற் தின்றுகொண்டிருந்தாள்.

7

செட்டிகுளத்து முகாமில் ஒருநாள் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டு பால்மாப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். யார் அனுப்பினது என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பிள்ளை பசியில் இருந்தாள். கரைத்துக் கொடுத்தேன்.

அன்ரனைத் தேடி நான் ஏறாத படி இல்லை. பிறகு ஜசிந்தா எங்களை இங்கே எடுக்கப் பதிந்தாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்றால்தான் ஜெனியை எடுக்கலாமாம். தாய்க்குச் சரி. தகப்பனுக்கு என்ன எழுதுவது? ஒரு அலுவலகத்தில் மேசைக்கு முன்னால் இருந்தேன். "தெரியாது எண்டு எழுதுங்கோ," என்றேன். மொழிபெயர்த்த பெடியன் நல்லவன், தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "தெரியாது எண்டு எழுத இடமில்லை அம்மா. இருக்கிறார், இல்லை. ரெண்டில ஒண்டு."

ஜெனி வெளியே வாங்கிலில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் பிள்ளையைச் செத்தவன் என்று ஒரு தாளில் எழுதி, அவன் பிள்ளையைக் காப்பாற்றினேன். யாரும் இதைச் சரியென்றும் சொல்ல வேண்டாம், பிழையென்றும் சொல்ல வேண்டாம்.

8

இங்கே வளர்ந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக எங்களை விட்டுப் போவார்கள். முதலில் சோறு போகும், பிறகு பாசை போகும், பிறகு கோயில். ஜெனி போகவில்லை. தன்னுடையதென்று ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டே இருக்கிற பிள்ளை. ஞானஸ்நானப் படத்தைத் தன் போனில் எல்லாரும் பார்க்கப் போட்டு, இதில் நிற்பவர்களைத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். ஒருநாள் பதில் வந்தது. "மெழுகுதிரி பிடித்திருப்பது நான்தான் பிள்ளை."

துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பம்மா, எனக்கு அவரை ஞாபகம் இருக்கு. பிஸ்கற் தந்தவர். என்னைத் தூக்கினவர். அந்த நாளில எனக்கு ஞாபகம் இருக்கிற ஒரே ஒரு நல்ல விசயம் அதுதான்."

அன்றிரவே அவருக்குப் போன் எடுத்தாள்.

போனை என் காதில் வைத்தாள். "அம்மா, சுகமா இருக்கிறியளோ?" அதே குரல், கொஞ்சம் இளைத்திருந்தது.

"ஓம்."

"ஐயா?"

"அவர் அங்கயே முடிஞ்சு போனார்."

"றீற்றா?"

"அவளும்."

பிறகு கால் உழைகிறதா, குளிர் தாங்குகிறதா என்றெல்லாம் கேட்டார். அன்ரனைக் கேட்கவில்லை. ஊரில் யார் என்னோடு கதைத்தாலும் முதல் கேள்வி அதுதான், அன்ரனைப் பற்றி ஏதும் அறிஞ்சியளோ என்று. அறியாதவர்கள் கேட்பார்கள். அறிந்தவர் எதற்குக் கேட்பார்?

போன கிழமை ஜெனி அவருக்கென்று ஒரு சேட்டு வாங்கி வந்தாள். விரித்து என் மடியில் வைத்து, "அப்பம்மா, அவர் மெல்லிசோ மொத்தமோ? இது அளவா இருக்குமா?" என்று கேட்டாள். அவருடைய அளவு எனக்குத் தெரியும். எத்தனை தரம் தோய்த்துப் போட்டிருக்கிறேன். "அளவுதான் பிள்ளை," என்றேன்.

9

அந்தப் படத்தை நேற்றுத் திரும்பவும் போடச் சொன்னேன். கெவினுக்குப் பகிடி. "அம்மம்மாவுக்குக் குதிரைக்காரனில விருப்பம் வந்திட்டுது." கடைசிக் கட்டத்தில் நிறுத்தச் சொல்லி, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் அழவில்லை. ஏதோ கேட்க வாய் திறந்த மாதிரி நிற்கிறாள். படம் எடுத்தவர்களுக்கு அவசரம், குதிரையின் பின்னால் போய்விட்டார்கள். அவளை நிற்கவிட்டிருந்தால், என் தம்பியின் உடம்பை எங்கே வைத்தாய் என்றுதான் கேட்டிருப்பாள். நல்லவனா கெட்டவனா என்று அவள் கேட்டிருக்க மாட்டாள். அது படம் பார்க்கிறவர்களின் கேள்வி.

அவரும் அனுப்பின வேலையைத்தான் செய்தாரோ, பஸ்சில் ஏற்றினால் தப்புவான் என்று நம்பித்தான் ஏற்றினாரோ, அவரையும் யாராவது ஏமாற்றினார்களோ, எனக்குத் தெரியாது. வேலையை நான் மன்னிக்கலாம். மன்னிக்காமலும் விடலாம். அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள கதை. ஆனால் ஒன்றும் அறியாமல் பிள்ளை போய் அவர் நெஞ்சில் தலை வைக்கக் கூடாது. தகப்பன் ஒன்றும் அறியாமல் நடந்து போனான். அது போதும்.

10

ஊராருக்கு எழுதத் தொடங்கினது. இந்த இடத்துக்கு வந்தபிறகு, ஊர் கொஞ்சம் பொறுக்கட்டும்.

ஜெனி, இஞ்ச வா பிள்ளை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இரு. எழுதினதை வாசித்துக் காட்டு என்று எப்போதும் கேட்கிறதுபோலத்தான் இன்றைக்கும் கேட்கிறேன். ஆனால் கண்ணால் ஓடவிட வேண்டாம், சத்தமாக வாசி. உன் மாமி குசினிக்குள் நிற்கிறாள், அவளும் கேட்கட்டும். இடையில் அழுகை வந்தால் அழுதுவிட்டு விட்ட இடத்திலிருந்து வாசி. நானும் அப்படித்தான் எழுதினேன்.

வாசித்து முடிந்தபிறகு போவதோ விடுவதோ உன் விருப்பம். நான் மறிக்க மாட்டேன். போனால் அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம், மரியாதையாகவே கதை. அந்த பஸ் எங்கே போய் நின்றது என்று கேள். நான் கேட்டால் அவர் சொல்லமாட்டார். நீ கேட்டால் ஒருவேளை சொல்லுவார். சொல்லாவிட்டால், அவர் முகம் எப்படி இருந்தது என்று வந்து எனக்குச் சொல்லு.

இப்போது முதல் வரியிலிருந்து தொடங்கு, பிள்ளை. என் வயதிலிருந்து.